மதுரைச் சமவெளியில் தொழில் முதலீடு

மதுரை நகரையும் அதைச் சூழ்ந்த மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களையும் தேடி ஆலை, பணிமனை, வங்கி, கணினி நிறுவனம் எனப் பல வடிவங்களில் மூலதனம் வந்த வரலாறும், அதை வரவழைக்க அரசும் வணிகச் சங்கங்களும் செய்துவரும் முயற்சிகளும் இத்தலைப்பில் அடங்கும். நகரம் பெரியது. அதன் எல்லையைத் தாண்டினால் வானம் பார்த்த பூமியே மிகுதி. வடகிழக்கில் மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளைகிறது. தெற்கே திருமங்கலத்திலிருந்து கள்ளிக்குடி வரை கரிசல். மேற்கே உசிலம்பட்டி, சேடப்பட்டிப் பகுதிகளில் மானாவாரி வெள்ளாமை. முதலீடு இந்த மூன்று நிலங்களிலும் ஒன்றுபோலப் பரவவில்லை. ரயில் பாதையையும் நெடுஞ்சாலையையும் ஒட்டியே அது கால் ஊன்றியது.

ரயிலும் பருத்தியும்

1875-இல் திருச்சியிலிருந்து ரயில் பாதை மதுரையை எட்டியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் தூத்துக்குடித் துறைமுகம் வரை ரயில் ஓடத் தொடங்கியது. அதுவரை கரிசல் காட்டுப் பருத்தி மாட்டு வண்டிகளில்தான் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. மழை பெய்துவிட்டால் கரிசலில் சக்கரம் புதைந்துவிடும், வண்டி நகராது. ரயில் வந்தபின் பொதிகள் சில மணி நேரத்தில் துறைமுகம் சேர்ந்தன. எதிர்த்திசையில் இயந்திரமும் நிலக்கரியும் உள்நாட்டுக்கு வந்தன. மதுரைப் பகுதியின் நவீனத் தொழில் வரலாற்றை ரயில் வந்த 1875-இலிருந்தே தொடங்குவது பொருந்தும்.

பருத்தி வணிகத்துக்காகத் தூத்துக்குடியில் கடை விரித்த ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி. பருத்தியை வாங்கி, கொட்டை நீக்கி, பொதி கட்டிக் கப்பலேற்றுவது அவர்கள் தொழில். ஏற்றுமதி செய்யும் பஞ்சை இங்கேயே நூற்றால் என்ன என்று கணக்குப் போட்டு, 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் விசையில் இயங்கும் நூற்பாலையை அமைத்தார்கள். தொடர்ந்து தூத்துக்குடியில் கோரல் மில் வந்தது. மூன்றாவது ஆலை 1892-இல் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே எழுந்தது. பின்னாளில் இம்மூன்றும் மதுரா மில்ஸ் என்னும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன.

பாபநாசத்தில் அருவி இருந்தது, தூத்துக்குடியில் துறைமுகம் இருந்தது. மதுரையில் இருந்தது சந்தை. நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓட்டினார்கள், சாயம் தோய்த்தார்கள், சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்டார்கள். துணியை நகத்தால் கிள்ளி நூலால் இறுகக் கட்டி, சாயத்தில் முக்கி, உலர்ந்தபின் முடிச்சைப் பிரித்தால் ஒவ்வொரு முடிச்சின் இடத்திலும் ஒரு புள்ளி விழும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. நூலுக்கு ஓயாத தேவை உள்ள ஊர் அது. தெற்கே பருத்தி, ஊருக்குள் நெசவாளர், நடுவே ரயில் நிலையம். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ஆலை எழுந்தது. அதற்கு எந்த அரசும் மானியம் கொடுக்கவில்லை, மாநாடு கூட்டவில்லை. பிற்காலத்து முதலீட்டுக் கொள்கைகளை எடைபோட இதுவே சரியான அளவுகோல்.

ஆலைக்கு ஆட்கள் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டு, பேரணையிலிருந்து பிரியும் கால்வாய் மேலூர் வரை நீர் கொண்டுசென்றது. கால்வாய் எட்டிய ஊர்களில் நடவும் அறுப்பும் ஆட்களைப் பிடித்துவைத்தன. கால்வாய் எட்டாத ஊர்க்காரர்கள் மில் வேலை தேடி நகரத்துக்கு நடந்தார்கள். பொன்னகரமும் ஆரப்பாளையமும் தொழிலாளர் குடியிருப்புகளாக நிறைந்தன. திருப்பரங்குன்றத்துக்கு அருகே நிர்வாகமே கட்டிய குடியிருப்பு இன்றும் ஹார்விபட்டி என்றே வழங்குகிறது. மேற்கு மதுரையில் மில் சங்கு ஊதுவதை வைத்து அடுப்புப் பற்றவைத்த வீடுகள் ஏராளம். வீட்டில் கடிகாரம் தேவைப்படவில்லை.

ஆலை வந்த வழியிலேயே தொழிற்சங்கமும் வந்தது. 1918-இல் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் மில் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு எதிராக வாதாடியதால் இவரைப் பிரமலைக் கள்ளர் ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். அதே ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது பேசியதற்காக வரதராஜுலு நாயுடு கைது செய்யப்பட்டார். முதலீட்டை வரவேற்கும் ஆவணங்கள் தொழிலாளர் போராட்டத்தைத் தடையாகவே காட்டுவது வழக்கம். மதுரையில் அது உண்மையில்லை. போராட்டம் நடந்த அந்த ஆலை விரிந்துகொண்டேதான் போனது. 1970களில் கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது.

உள்ளூர் மூலதனம்

வெளியார் பணம் வழிகாட்டியது என்றால், வேர் பிடித்தது உள்ளூர்ப் பணம்தான். திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911-இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய டிவிஎஸ் நிறுவனம் பேருந்து, லாரி, உதிரிபாக வணிகம் என வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரி வாயுவில் வண்டி ஓட்டும் கருவியைத் தானே உருவாக்கியது. தேய்ந்த டயரைப் புதுப்பிப்பது, ரப்பர்ப் பாகங்கள் செய்வது என்று அந்தத் தேவை புதுத் தொழில்களுக்கு வழி திறந்தது. மேலூர்ச் சாலையில் வெள்ளரிப்பட்டியில் இயங்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா டயர் ஆலையும், கோச்சடையில் பட்டை தயாரிக்கும் ஃபென்னர் ஆலையும், ஆயில் சீல் செய்யும் ஆலைகளும் சேர்ந்து, ரப்பர் மரமே இல்லாத மதுரையை ரப்பர்ப் பொருள் உற்பத்தி மையமாக்கின.

கருமுத்து தியாகராசன் செட்டியார் மற்றொரு முன்னோடி. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் உரிமைக்காக இளமையில் பாடுபட்டவர் அவர். 1923-இல் மதுரையில் மீனாட்சி மில்லையும், 1936-இல் திருமங்கலம் சாலையில் கப்பலூரில் தியாகராசர் மில்லையும் நிறுவினார். இரண்டாவது ஆலை நகருக்கு வெளியே, ஒரு சிற்றூரில் அமைந்தது. கிராமத்துக்கு முதலீடு போவது என்பதன் பொருளை இப்பகுதி முதலில் கண்டது கப்பலூரில்தான். பின்னர் மாநில அரசின் சிட்கோ நிறுவனம் தன் தொழிற்பேட்டைக்கு அதே கப்பலூரைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. 1943-இல் அவர் தொடங்கிய மதுரை வங்கி சுற்றுவட்டாரச் சேமிப்பைத் திரட்டிச் சுற்றுவட்டாரத்துக்கே கடனாகக் கொடுத்தது. பிற்காலத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் கடன் வழங்கியது. 2001-இல் அது ஐசிஐசிஐ வங்கியோடு இணைக்கப்பட்டது. மதுரையில் தலைமையகம் கொண்டு, மதுரைத் தொழில்முனைவோரின் குடும்பத்தையும் குணத்தையும் அறிந்து கடன் கொடுத்த வங்கி இல்லாமல் போனது பெரிய இழப்பு.

1924-இல் வணிகர்கள் கூடி அமைத்த சங்கமே இன்று தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம் என்ற பெயரில் மதுரையிலிருந்து இயங்குகிறது. சிறுதொழில் செய்வோருக்கு மடீட்சியா என்னும் சங்கம் உள்ளது.

உள்ளூர் முயற்சிக்குப் பிற்காலத்து எடுத்துக்காட்டு மருத்துவத்துறையில் உள்ளது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமம் கிராமமாக முகாம் நடத்திக் கண்புரை நோயாளிகளை அழைத்துவந்தது. கண்ணுக்குள் பொருத்தும் வில்லை இறக்குமதிச் சரக்காக இருந்தவரை ஏழைகளுக்கு எட்டவில்லை. 1992-இல் ஆரோலேப் அதை மதுரையிலேயே செய்யத் தொடங்கியதும் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. இந்த அமைப்பில் பணியாற்றுவோரில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம்பெண்கள்.

அரசின் சலுகைகள்

விடுதலைக்குப் பின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொழிற்பேட்டைகள் வந்தன. 1958-இல் கிண்டியில் தொடங்கிய முறை மதுரையில் கே. புதூர்த் தொழிற்பேட்டையாகப் பின்தொடரப்பட்டது. தொழில் வளர்ச்சிக்கான மாநில அரசு நிறுவனங்களான டிட்கோ 1965-இலும், சிட்கோ 1970-இலும், சிப்காட் 1971-இலும் நிறுவப்பட்டன.

பின்தங்கிய பகுதிகளை அடையாளம் காணப் பாண்டே குழுவும், அங்குத் தொழில் தொடங்கச் சலுகை பரிந்துரைக்க வாஞ்சு குழுவும் 1968-இல் அமைக்கப்பட்டன. 1971-இல் மத்திய அரசு, தெரிவுசெய்த இடங்களில் தொடங்கும் தொழிலுக்கு நிலை மூலதனத்தில் 10 விழுக்காட்டை மானியமாக அறிவித்தது. பின்னர் அது 15 ஆனது. 1983-இல் பின்தங்கிய நிலைக்கேற்ப மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டு, 1988-இல் நிறுத்தப்பட்டது. மாநில அரசு தன் பங்குக்கு விற்பனை வரியைத் தள்ளிவைக்கும் சலுகை தந்தது. மானியம் கட்டடம், இயந்திரம் ஆகியவற்றின் மதிப்பைக் கொண்டு கணக்கிடப்பட்டது. எத்தனை பேருக்கு வேலை என்பதைக் கொண்டு அல்ல. நூறு பேரை வைத்து வேலை வாங்கும் பட்டறையைவிடப் பத்துப் பேர் இயக்கும் விலையுயர்ந்த இயந்திரத்துக்கு அதிகப் பணம் கிடைத்தது. இந்த ஒரு பிழை, ஆள்பலம் மிகுந்த உசிலம்பட்டிப் பக்கத்துக்குப் பயனில்லாமல் செய்துவிட்டது.

மாவட்டப் பிரிவினையும் மதுரையைப் பாதித்தது. 1985-இல் திண்டுக்கல்லும், 1990களில் தேனியும் பிரிந்தன. நிலக்கோட்டை சிப்காட் திண்டுக்கல் மாவட்டத்திலும், மானாமதுரை சிப்காட் சிவகங்கை மாவட்டத்திலும் அமைந்தன. மதுரை மாவட்டத்துக்குள் நெடுங்காலம் ஒரு சிப்காட் வளாகம்கூட இல்லை. 1990களில் ஹூண்டாய் போன்ற பெருநிறுவனங்கள் துறைமுகம் அருகிருக்கும் சென்னைப் புறநகரை நாடின. மதுரை–தூத்துக்குடித் தொழில் வழித்தடம் இதற்கு மாற்றாக அறிவிக்கப்பட்டது. 2021 தொழிற்கொள்கை மதுரை உள்ளிட்ட 22 மாவட்டங்களை அதிகச் சலுகைக்குரிய ‘சி’ பிரிவில் வைத்தது.

நிலம்

முதலீட்டுக்கு நிலம் வேண்டும். நிலத்தின் மேல் மக்கள் இருக்கிறார்கள். திருமங்கலத்துக்குத் தெற்கே சிவரக்கோட்டை, கரிசல்காளாம்பட்டி, சுவாமிமல்லம்பட்டிக் கரிசலைச் சிப்காட்டுக்கு எடுக்கும் திட்டத்தை அவ்வூர் உழவர்கள் எதிர்த்து நின்றார்கள். தரிசு என்று ஆவணம் குறித்த நிலத்தில் பருத்தியும் சோளமும் குதிரைவாலியும் விளைவதை அறுவடையோடு காட்டினார்கள்.

மேலூர்ப் பக்கம் கதை வேறு. கீழவளவு, கீழையூர்க் குன்றுகளின் கிரானைட் கல் ஏற்றுமதி பெரும் பணத்தைக் கொண்டுவந்தது; கண்மாய்களையும் ஓடைகளையும் பாழாக்கியது. 2012-இல் மதுரை ஆட்சியர் சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அறிக்கை அளித்தார். 2014-இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக்கியது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டிப் பகுதியில் ஏறத்தாழ 2,015 எக்டேரில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்குச் சென்றது. 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியும் அந்த எல்லைக்குள் வந்தது. சட்டமன்றம் இதை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அம்மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கல்லை வெட்டி எடுத்துப் போகும் பணம் ஊருக்கு முதலீடு ஆகாது என்பதை மேலூர் மக்கள் கிரானைட்டில் கற்றிருந்தார்கள்.

வீட்டுத் தொழில்கள்

ஜெய்ஹிந்துபுரம், சிந்தாமணிப் பகுதிகளில் அப்பளத் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் உள்ளன. உளுந்து விலையும் மழையும்தான் அவர்களின் வருமானத்தைத் தீர்மானிக்கின்றன. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, மொட்டாகவே விடியுமுன் பறிக்கப்பட்டு மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வருகிறது. பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து விலை ஏறும். கோடையில் பூ மிஞ்சும்போது ‘சென்ட் பேக்டரி’ வாங்கிக்கொள்ளும், ஆனால் சொற்ப விலைக்கு. உழவர் கூட்டாகச் சேர்ந்து வாசனைச் சாறு பிழியும் ஆலை வைத்தால் அந்தக் கோடைப் பூவுக்கும் விலை கிடைக்கும்.

இன்றைய நிலை

மாநில அரசின் எல்காட் நிறுவனம் இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களை அமைத்துள்ளது. விமான நிலையத்திலிருந்து 2012 முதல் வெளிநாட்டுச் சேவை உண்டு. மாட்டுத்தாவணி அருகே டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அண்டை விருதுநகர் மாவட்டத்தில் இ. குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரவிருக்கிறது. 2025 டிசம்பரில் மதுரையில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் 36,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் 91 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. மேலூர் வட்டத்தில் சிப்காட் பூங்கா அமைக்கும் பணியும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.