பேசியது அவளா, ஆவியா? - பெண்ணுரிமையும் பெண்களின் ஆன்மீகமும்

பெண்ணியம் பேசுகிறவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இருக்கிறது. போன வாரம் வகுப்பு இடைவேளையில் நண்பன் ஒருவன் இதையே சொன்னான். "மதம் பெண்ணை அடக்கியது, பெண்ணியம் மதத்தை எதிர்த்தது. அவ்வளவுதானே?" என்றான். பக்கத்தில் இருந்த தோழி, "அப்படின்னா எங்க பாட்டிக்குச் சாமி வரும்போது தாத்தாவே கையெடுத்துக் கும்பிடுறாரே, அது என்ன கணக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அதைத் தேடிப் போனபோது நான் போய்ச் சேர்ந்த இடம் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கா! படித்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வாய் திறந்தால் குற்றம்

1830-களின் அமெரிக்காவில் ஆண்களும் பெண்களும் கலந்திருக்கும் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து பேசுவது பெரும் அவமானமாகக் கருதப்பட்டது. சபையில் பெண்கள் மௌனமாக இருக்க வேண்டும் என்று பைபிளில் பவுல் எழுதியிருப்பதை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். அடிமைகளை வைத்திருந்த தென் கரோலினா குடும்பம் ஒன்றில் பிறந்த சாரா, ஆஞ்சலினா கிரிம்கே என்ற சகோதரிகள் அடிமை முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார்கள். 1837-ல் மாசசூசெட்ஸ் பாதிரிமார்கள், பெண்கள் இப்படி மேடையேறுவதைக் கண்டித்துச் சுற்றறிக்கையே விட்டார்கள். அதற்காகச் சாரா பைபிளைத் தூக்கி எறியவில்லை. அதே பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு, ஆணும் பெண்ணும் சமமாகவே படைக்கப்பட்டார்கள் என்று வாதிட்டார். அந்தக் கடிதங்கள் 1838-ல் புத்தகமாக வந்தன.

அவருக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஒரு காரணம் அவர் சேர்ந்திருந்த குவேக்கர் சபை. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது என்பது குவேக்கர்களின் நம்பிக்கை. வழிபாட்டில் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு உள்ளிருந்து வார்த்தை வருகிறதோ அவர் எழுந்து பேசலாம், பெண்ணாக இருந்தாலும். லுக்ரிஷியா மோட் என்ற பெண்மணியை 1821-ல், அவருடைய 28-ஆவது வயதில், சபை ஊழியராகவே ஏற்றுக்கொண்டார்கள். மற்ற பெண்களுக்கு மேடை என்றாலே நடுக்கம். இவருக்கோ அது பழகிய இடம்.

1848: ஒரே மாநிலம், இரண்டு நிகழ்ச்சிகள்

1848 மார்ச் மாதம். நியூயார்க் மாநிலத்தில் ஹைட்ஸ்வில் என்ற சின்ன ஊர். ஃபாக்ஸ் குடும்பத்தின் இரண்டு சிறுமிகள், இறந்தவரின் ஆவி தட்டல் ஓசை மூலம் தங்களுக்குப் பதில் சொல்கிறது என்றார்கள். செய்தி காட்டுத்தீ போலப் பரவியது. ஆவியுலக இயக்கம் இங்கிருந்துதான் தொடங்கியது.

அதே ஆண்டு ஜூலை 19, 20. அதே மாநிலத்தின் செனிகா ஃபால்ஸ் ஊரில், ஒரு தேவாலயக் கட்டிடத்தில், சுமார் 300 பேர் கூடினார்கள். அமெரிக்காவின் முதல் பெண்ணுரிமை மாநாடு இதுதான். எலிசபெத் கேடி ஸ்டான்டனும் மோட்டும் முன்னின்று நடத்தினார்கள். 68 பெண்களும் 32 ஆண்களும் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். ஓட்டுரிமை, சொத்துரிமையோடு, தேவாலயத்தில் பெண்ணுக்குத் தாழ்ந்த இடம் தருவதையும் அந்தப் பிரகடனம் கண்டித்தது. ஆனால் ஆண்களும் கலந்துகொண்ட இரண்டாம் நாள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது யார் தெரியுமா? மோட்டின் கணவர்! இரண்டே வாரத்தில் ரோசெஸ்டர் நகரில் அடுத்த மாநாடு நடந்தது. அங்கே அபிகெய்ல் புஷ் என்ற பெண்ணைத் தலைவராக்கியபோது, அது ஆபத்தான சோதனை என்று முதலில் தயங்கியவர்களே ஸ்டான்டனும் மோட்டும்தான்.

இந்த இரண்டு உலகங்களையும் இணைத்தவர் ரோசெஸ்டரைச் சேர்ந்த ஏமி போஸ்ட். செனிகா ஃபால்ஸ் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், ரோசெஸ்டர் மாநாட்டுக்காக உழைத்தவர். ஃபாக்ஸ் சகோதரிகளை முதலில் நம்பி ஆதரித்தவர்களில் இவரும் இவருடைய கணவரும் உண்டு.

கண்ணை மூடினால் பேசலாம்

1850-களில் ஆவிகளோடு பேசும் மீடியம்களில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். காரணம் வேடிக்கையானது. பெண் பலவீனமானவள், சுயபுத்தி குறைந்தவள், எதையும் எளிதில் ஏற்றுக்கொள்பவள் என்று அன்றைய சமூகம் நினைத்தது. ஆவி வந்து தங்க அதைவிடப் பொருத்தமான பாத்திரம் ஏது! எந்தக் குணங்களைச் சொல்லிப் பெண்ணை மேடைக்கு வராமல் தடுத்தார்களோ, அதே குணங்களே அவளை மேடையில் ஏற்றிவிட்டன.

கோரா ஹாட்ச் என்ற பெண் பதின்ம வயதிலேயே இப்படிப் பேசிப் புகழ் பெற்றார். அரங்கில் இருப்பவர்களே தலைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார்கள். அவர் மயக்க நிலைக்குப் போய், அறிவியல், மதம், அரசியல் எதுவானாலும் சரளமாகப் பேசுவார். படித்த ஆண்கள் வாய் பிளந்து கேட்டார்கள். ஆனால் நண்பர்களே, ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர்கள் கேட்டது ஆவியின் பேச்சைத்தான். அந்த அறிவுக்கான பெருமை அவளுக்குச் சேரவில்லை.

இந்த இயக்கத்திலிருந்து கண்ணைத் திறந்துகொண்டே பேச வந்தவர் விக்டோரியா வுட்ஹல். மீடியமாக வாழ்க்கையைத் தொடங்கியவர், 1871 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று பெண்களின் ஓட்டுரிமைக்காக வாதாடினார். 1872-ல் ஜனாதிபதி பதவிக்கே போட்டியிட்டார்.

1888-ல் ஃபாக்ஸ் சகோதரிகளில் ஒருவரான மேகி, அந்த ஓசை எல்லாம் கால் விரல் மூட்டுகளைச் சொடுக்கி எழுப்பியதுதான் என்று நியூயார்க்கில் மேடையிலேயே செய்து காட்டினார். அடுத்த ஆண்டு அதை மறுத்தார். ஆவி பொய்யாக இருக்கலாம். ஆனால் பேசிப் பழகிய பெண்கள் நிஜம்.

53-க்கு 41

ஸ்டான்டன் வேறு வழியில் போனார். பைபிளின் புதிய ஆங்கிலத் திருத்தப் பதிப்பைத் தயாரித்த குழுவில் ஒரு பெண்கூட இல்லை என்பது அவரை உறுத்தியது. பெண்களைப் பற்றிய பகுதிகளைப் பெண்களே அலசி எழுதிய 'பெண்ணின் பைபிள்' முதல் பாகத்தை 1895-ல், தம் 80-ஆவது வயதில் வெளியிட்டார். பாதிரிமார்கள் எதிர்த்ததில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், அவர் தலைவராக இருந்த அமெரிக்கப் பெண்கள் ஓட்டுரிமைச் சங்கமே 1896 ஜனவரியில், 'இந்தப் புத்தகத்துக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை' என்று தீர்மானம் போட்டது. ஆதரவு 53, எதிர்ப்பு 41.

தீர்மானத்தைக் கொண்டு வந்தவர்களை வில்லிகளாக்கிவிட வேண்டாம். சங்கத்தில் பக்தியுள்ள பெண்கள் ஏராளம். மதத்தைச் சீண்டினால் ஓட்டு கிடைக்காது என்பது அவர்கள் பயம். அப்போது தலைவராக இருந்த சூசன் பி. ஆண்டனிக்கு அந்தப் புத்தகத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. ஆனாலும் நாற்காலியை விட்டு இறங்கி வந்து, தோழியின் கருத்துச் சுதந்திரத்துக்காகப் பேசினார். தோற்றார். அவர் ராஜினாமா செய்ய வேண்டும் என்று ஸ்டான்டன் விரும்பினார். ஆண்டனி செய்யவில்லை. நாற்பது வருடத்துக்கும் மேலான நட்பில் அது ஒரு காயம். ஸ்டான்டன் 1902-லும் ஆண்டனி 1906-லும் இறந்தார்கள். நாடு முழுவதற்குமான ஓட்டுரிமைத் திருத்தம் வந்தது 1920-ல். இருவரும் அதைப் பார்க்கவில்லை.

நம் ஊர் வரை

இந்தக் கதையின் ஒரு கிளை சென்னை வரை வந்திருக்கிறது! 1874-ல் வெர்மான்ட் மாநிலத்தில் ஆவிகளை வரவழைப்பதாகச் சொன்ன ஒரு பண்ணை வீட்டில் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை பின்னர் அடையாறுக்கு வந்தது. அங்கே 1917-ல், அன்னி பெசன்ட் தலைமையில், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோரின் முயற்சியால் இந்தியப் பெண்கள் சங்கம் பிறந்தது. 1921-ல் சென்னை மாகாணத்தில், சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததில் இந்தச் சங்கத்தின் பங்கு பெரிது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை 1927-ல் சட்டசபைக்கு அனுப்பப் பாடுபட்டதும் இதே சங்கம்தான்.

சரி, நண்பனுக்கு என்ன பதில்? மதம் பெண்ணை அடக்கியது உண்மை. அவள் பேசக் கற்றுக்கொண்ட இடங்களில் ஒன்று வழிபாட்டுக்கூடம் என்பதும் உண்மை. தோழியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: தாத்தா கும்பிடுவது சாமியை. பாட்டி சொல்வதை அவர் கேட்கிறாரா என்பது சாமி மலையேறிய பிறகுதான் தெரியும். கோரா ஹாட்சுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பேசக் கிடைத்த இடத்தை, கண்ணைத் திறந்து பேசுகிற பெண்ணுக்கும் வாங்கித் தருவதற்குத்தான் ஸ்டான்டனும் ஆண்டனியும் வாழ்நாள் முழுக்கப் போராடினார்கள்.

உங்கள் வீட்டுப் பாட்டியிடமும் கேட்டுப் பாருங்கள். சாமி வராத நாட்களில் அவர் சொல்ல நினைத்தது என்ன என்று.