சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகள்

குப்பிக்குள் எச்சிலைத் துப்பி அனுப்பினால் நீங்கள் ஆர் என்று சொல்லித் தருகிறோம் என்கிற விளம்பரங்கள் எங்கட போன்களுக்கும் வரத் தொடங்கிவிட்டன. எங்களில் இரண்டு பேருக்கு ஆசையும் பிடித்துவிட்டது. விலையைப் பார்த்துத்தான் அடங்கினார்கள். அதைப் பற்றிக் கதைக்கப்போய் நாங்கள் வந்து சேர்ந்த இடம் சாலி ஹெமிங்ஸின் வரலாறு.

மனிதர் எல்லோரும் சமம் என்று 1776இல் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தோமஸ் ஜெபர்சன், தன் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். சாலி அவர்களில் ஒருத்தி. ஜெபர்சனின் மனைவிக்கும் சாலிக்கும் தகப்பன் ஒருவரே. ஆனால் சாலியின் தாய் அடிமை. 1662ஆம் ஆண்டு வேர்ஜீனியாச் சட்டப்படி தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் ஆராக இருந்தாலென்ன. மனைவி இறந்து சில வருடங்களின் பின், 1787இல், ஜெபர்சனின் சின்ன மகளுக்குத் துணையாகச் சாலி பாரிஸ் போனாள். அப்போது அவளுக்கு வயது 14. அவருக்கு 44.

சாலியின் பிள்ளைகள் ஜெபர்சனுடையவர்கள் என்று 1802இலேயே ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. 1873இல் சாலியின் மகன் மடிசன், தகப்பன் அவர்தான் என்று ஒஹாயோப் பத்திரிகை ஒன்றில் நேரடியாகவே சொன்னார். வரலாற்றாசிரியர்கள் பலர் அதைக் கணக்கெடுக்கவே இல்லை. ஜெபர்சனின் பேரப்பிள்ளைகள், அது அவருடைய தங்கை மகன்மாரான கார் சகோதரர்களின் வேலை என்றார்கள். அது மட்டும் நம்பப்பட்டது!

1998 நவம்பரில் ‘நேச்சர்’ சஞ்சிகையில் பரிசோதனை முடிவு வந்தது. உயிரியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: வை நிறமூர்த்தம் தகப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக மாறாமல் போகும். ஜெபர்சனுக்கு மனைவி வழியில் ஆண் வாரிசு தப்பவில்லை. அதனால் அவருடைய பெரியப்பன் வழி வந்த ஆண்களின் இரத்தத்தை எடுத்தார்கள். சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வழி வந்தவருக்கு அது பொருந்தியது. கார் குடும்பத்துக்குப் பொருந்தவில்லை. நாங்களும் ஜெபர்சன் வழிதான் என்று தலைமுறைகளாகச் சொல்லிவந்த வுட்சன் குடும்பத்துக்கும் பொருந்தவில்லை. அது அவர்களுக்குப் பெரிய அடி.

ஆனால் பொருந்தியது ‘ஒரு ஜெபர்சன்’ மட்டுமே. தம்பி ரண்டோல்புக்கும் அவருடைய மகன்மாருக்கும் இருந்தது அதே வை நிறமூர்த்தம்தான். தோமஸ்தான் என்று சொல்ல வைத்தவை பழைய கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும். சாலி கருத்தரித்த ஒவ்வொரு முறையும் அவர் மொன்டிசெல்லோ வீட்டில் இருந்திருக்கிறார். அதோடு மடிசனின் வாக்குமூலம். ஆய்வுகூடம் போட்ட முடிச்சல்ல அது.

இன்னொரு கூத்தும் நடந்தது. ஜெபர்சனின் வை நிறமூர்த்த வகை ஐரோப்பாவில் அரிது, மத்திய கிழக்கிலும் கிழக்கு ஆபிரிக்காவிலும்தான் கூட என்று பிறகு தெரியவந்தது. அப்ப அவர் ஆர்? பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒரு ஆளுக்கு 1,024 மூதாதையர் இடங்கள் இருக்கும். வை நிறமூர்த்தம் அதில் ஒரேயொரு இடத்தைப் பற்றித்தான் பேசும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பூர்வீகம் கதைப்பவர்களை நாங்கள் இங்கேயும் காண்கிறோம்.

மடிசனும் எஸ்டனும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள். எட்டில் ஏழு பங்கு ஐரோப்பிய வம்சம், அன்றைய வேர்ஜீனியாச் சட்டப்படி வெள்ளையர். ஆனாலும் ஜெபர்சனின் உயிலால் விடுதலையாகும்வரை அடிமைகள். பிறகு மடிசன் கறுப்பராகவே வாழ்ந்து செத்தார். எஸ்டன் விஸ்கொன்சினுக்குக் குடிபெயர்ந்து, ஜெபர்சன் என்று பெயரை மாற்றி, வெள்ளையராக வாழ்ந்தார். எந்தப் பரம்பரையலகைத் தோண்டினால் இந்த வித்தியாசம் கிடைக்கும்?

சாலிக்கு விருப்பமிருந்ததா என்பதையும் இரத்தத்திடம் கேட்க முடியாது. அவள் எழுதியது என்று ஒரு வரிகூட மிஞ்சவில்லை. பிரான்சில் விடுதலை கேட்டிருக்கலாம் என்றும், பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பேன் என்று ஜெபர்சன் வாக்குக் கொடுத்த பிறகுதான் திரும்பி வந்தாள் என்றும் மடிசன் சொல்கிறார். அவளை மட்டும் அந்த உயில் விடுவிக்கவில்லை.

மடிசனின் மகன் ஒருவர் கான்சாஸில் படையினர் மயானமொன்றில் புதைக்கப்பட்டிருக்கிறார். அந்த எலும்பைத் தோண்டிப் பரிசோதித்தால் மடிசனின் வழியையும் உறுதிப்படுத்தலாம் என்று குடும்பத்திடம் கேட்டார்கள். குடும்பம் மறுத்துவிட்டது.