தனிமையும் சோதனையும்

தனிமையை அமைதியின் உறைவிடமாகப் பாடிய புலவர் எம்மொழியிலும் உளர். ஊரை விட்டகன்றால் உள்ளத்தின் தொல்லையும் அகன்றுவிடும் என்பது பலரது எண்ணம். ஆயின், நெடுங்காலம் தனித்து வாழ்ந்தோரின் வரலாறு வேறொன்றைக் கூறுகின்றது. ஊரைத் துறந்து செல்பவன் தன் நெஞ்சையும் உடன்கொண்டே செல்கின்றான். பிறர் குரல் அடங்கிய இடத்தில் அந்நெஞ்சின் குரல் உரத்துக் கேட்கின்றது. மேலைநாட்டு இலக்கியத்தில் இவ்வுண்மையை விளக்கி நிற்பது எகிப்து நாட்டு அந்தோனியாரின் கதையாகும்.

இவர், ஈழநாட்டு ஆலயங்கள் பலவற்றில் வணங்கப்பெறும் பதுவை நகர்ப் புனிதர் அல்லர். அவருக்கு ஏறக்குறைய 900 ஆண்டுகள் முற்பட்டவர். வனத்து அந்தோனியார் என வழங்கப்பெறுபவர். கி. பி. 251ஆம் ஆண்டளவில் செல்வக் குடியிற் பிறந்த அவர் இளமையிலேயே பெற்றோரை இழந்தார். எஞ்சியவை ஏறத்தாழ 200 ஏக்கர் விளைநிலமும் ஒரு சிறு தங்கையுமே. உள்ளதை விற்று வறியோர்க்கு வழங்குமாறு கூறும் நற்செய்திப் பகுதி ஒருநாள் தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது. அது தமக்கே கூறப்பட்டதெனக் கொண்ட அவர், நிலத்தை ஊரார்க்கு அளித்தார். ஏனைய பொருளை விற்று வறியோர்க்கு ஈந்தார். தங்கையைக் கன்னியர் சிலரிடம் ஒப்படைத்தார். பின்னர் தவ வாழ்வு தொடங்கினார்.

356ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னர், அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் அவரது வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார். அந்நூலில் அலகை முதன்முதல் கொண்டுவரும் படை யாது? விட்டுவந்த நிலத்தின் நினைவு, தங்கையை யார் காப்பார் என்னும் கவலை, சுற்றத்தாரின் உரிமை. பொருளாசையும் புகழாசையும் நாவின் சுவையும் அவற்றின் பின்னரே வருகின்றன. அதன் பின்னர் பெண்ணுருவமும், கல்லறை இருளிலே சிங்கமும் கரடியும் பாம்பும் தேளும் தோன்றுகின்றன. பிற்கால ஓவியர் இவ்வுருவங்களையே விரும்பித் தீட்டினர். எனினும் யாவற்றினும் கூரியது அம்முதற் சோதனையே. தீமையின் முகத்தோடு வருவதை அறிந்து விலக்கலாம். அன்பின் முகத்தோடு வருவதை எங்ஙனம் விலக்குவது?

பாழடைந்த கோட்டையொன்றில் 20 ஆண்டுகள் தனித்திருந்த அந்தோனியார், உடலும் உள்ளமும் தளராது வெளிவந்தார் என்கிறது நூல். முதுமையில் மலையினின்று இறங்கிய வேளையில், தங்கையும் முதியவளாகிக் கன்னியர் பலர்க்குத் தலைவியாய் விளங்கக் கண்டு மகிழ்ந்தார் என்றும் அத்தனாசியார் குறித்துள்ளார். நெடுநாட் கவலைக்கு விடை ஒரு சிறு குறிப்பிலே முடிந்துவிடுகின்றது.

அந்நூல் விரைவில் இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டது. 386ஆம் ஆண்டில் மிலான் நகரில் அகுஸ்தீனாரின் உள்ளத்தை மாற்றிய நிகழ்ச்சிகளுள், அந்தோனியாரின் வரலாற்றை அவர் கேட்டறிந்ததும் ஒன்றாகும்.

அத்தனாசியாருக்கு அடுத்த தலைமுறையில் இப்பொருளை மேலும் நுணுகி ஆராய்ந்தவர் எவாகிரியர். கொன்சுதாந்திநோப்பிளில் திருத்தொண்டராய் இருந்த அவர், உயர்குடியினன் ஒருவனின் மனைவிமீது காதல் கொண்டு, அதனின்று தப்பும்பொருட்டு அந்நகரை நீங்கியவர். எகிப்தியப் பாலைவனத்தில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்து 399இல் மறைந்தார். துறவியைத் தாக்கும் எண்ணங்களை அவர் எட்டாக வகுத்தார். அவற்றுள் ஆறாவது நண்பகலில் வரும் உளச்சோர்வு. கதிரவன் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். பகற்பொழுது 50 மணி நேரமாய் நீளும். துறவி சாளரத்தை நோக்குவான். உணவு வேளை எப்போது வருமென ஏங்குவான். உடன்வாழ்வோரிடம் அன்பில்லை என வெதும்புவான். விட்டுவந்த உறவினரை நினைவான். அங்கே பேயுருவமோ பெண்ணுருவமோ வேண்டுவதில்லை. கடக்க முடியாத பொழுதே சோதனையாகிவிடுகின்றது.

அந்தோனியாரின் கதையைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் எடுத்தவர் பிரெஞ்சு நாவலாசிரியர் குஸ்தாவ் பிளோபேர். 1845இல் ஜெனோவா நகர மாளிகையொன்றில் அந்தோனியாரின் சோதனையைக் காட்டும் ஓவியத்தைக் கண்டபோது அவருக்கு இவ்வெண்ணம் எழுந்தது. 1849இல் முதல் வடிவத்தை நண்பர் இருவருக்கு நான்கு நாட்கள் படித்துக் காட்டினார். நெருப்பிலிடுக என்பதே அவர்கள் தீர்ப்பு! பிளோபேர் அதனைக் கைவிடவில்லை. ஆற்றங்கரையில் அமைந்த குருவாசே இல்லத்தில் துறவியைப்போல் ஒதுங்கி வாழ்ந்த அவர், இருமுறை திருத்தி எழுதி, 1874இலேயே நூலை முழுமையாக வெளியிட்டார்.

ஓரிரவில் நிகழ்வதாக அமைந்த அந்நூலில் விருந்தும் அரசியும் வருகின்றனர். ஒன்றையொன்று மறுக்கும் கொள்கைகளும், வழிபாடிழந்து மடியும் தெய்வங்களும் அணிவகுக்கின்றன. ஐயமே இங்குப் பெருஞ்சோதனை. ஆயினும், தொடக்கத்திலேயே முதிய துறவியின் நினைவில் எழுவது வீட்டை விட்டு அவர் புறப்பட்ட நாள். தொலைவில் நின்று, திரும்பி வருமாறு கைகாட்டும் தங்கையின் உருவம் அவர் கண்முன் தோன்றுகின்றது.

அத்தனாசியார் பக்தர், எவாகிரியர் உள்ளத்தை ஆய்ந்தவர், பிளோபேர் ஐயுறவு மிக்க புதுக்கால எழுத்தாளர். மூவரும் வெவ்வேறு வழியில் வந்து ஓரிடத்திற் கூடுகின்றனர். தனிமை மனிதனுக்குப் புதிய ஆசை எதனையும் படைத்தளிப்பதில்லை. அவன் உடன்கொண்டு சென்றதையே எடுத்து அவன்முன் வைக்கின்றது. கொண்டுசென்றவற்றுள் ஆசை மட்டுமன்றி அன்பும் இருந்தது. அதனாலேதான் அந்தோனியாரின் போராட்டம் பாலைவனத்தை அறியாதார்க்கும் தம் கதைபோலத் தோன்றுகின்றது.