நூலகப் பயன்பாட்டுத் தரவுகள்: நியூயார்க் நகரம் காட்டும் சான்று

நூலகப் பயன்பாட்டுத் தரவுகள் என்பவை ஒரு பொது நூலகத்தில் இரவல் போன நூல்கள், உறுப்பினர் தொகை, அன்றாட வருகை, மின்னூல் பயன்பாடு, கணினிப் பயன்பாடு முதலியவற்றின் கணக்கு. ஒரு நகரத்து மக்கள் எதை விரும்பிப் படிக்கிறார்கள் என்று அறிய இவற்றைப் பார்ப்பது வழக்கம். ஆனால் வாசகர் அலமாரியை நெருங்கும் முன்பே நகரம் பல முடிவுகளை எடுத்துவிட்டிருக்கிறது. எந்த நூலை வாங்குவது, எந்தக் கிளையை எந்த நாளில் திறப்பது, யாருடைய அட்டையை முடக்குவது, எதற்கு நிதி ஒதுக்குவது என்பவை அந்த முடிவுகள். இவற்றைத் தாண்டிய பிறகுதான் ஓர் இரவல் கணக்கில் ஏறுகிறது. எனவே இந்த எண்கள் முதலில் காட்டுவது நகரத்தின் முன்னுரிமைகளை; வாசகர் விருப்பம் அவற்றின் ஊடாகவே தெரிகிறது. நியூயார்க் இதற்கு நல்ல சான்று. மன்ஹாட்டன், பிராங்ஸ், ஸ்டேட்டன் ஐலண்ட் பகுதிகளுக்கு நியூயார்க் பொது நூலகமும், புரூக்ளினுக்கும் குயின்ஸுக்கும் தனித்தனி நூலக அமைப்புகளும் அங்கே உள்ளன. மூன்றும் பெரிதும் நம்பியிருப்பது மாநகர அரசின் நிதியை.

இரவல் பட்டியலும் கொள்முதலும்

நியூயார்க் பொது நூலகம் தன் 125ஆம் ஆண்டையொட்டி, அதிகம் இரவல் போன பத்து நூல்களின் பட்டியலை 2020 ஜனவரியில் வெளியிட்டது. முதலிடம் எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962இல் எழுதி வரைந்த 'தி ஸ்னோவி டே' என்ற படக்கதைக்கு. 4,85,583 முறை அது வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறது. பனி பெய்த காலையில் வெளியே விளையாடப் போகும் பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவனின் கதை அது. பத்தில் ஆறு சிறுவர் நூல்கள். சில நிமிடங்களில் படித்து முடிக்கும் படக்கதை ஓராண்டில் பல வீடுகளுக்குப் போய்வரும். தடித்த நாவலால் அது முடியாது. பட்டியலில் உள்ள ஆர்வெல்லின் '1984', ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' போன்றவற்றின் பின்னால் பள்ளிப் பாடத்திட்டமும் இருக்கிறது. இவற்றைவிட ஆழமாகச் சிந்திக்க வைப்பது பட்டியலில் இடம்பெறாத ஒரு நூல். 1947இல் வெளிவந்து அமெரிக்கக் குழந்தைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தூங்கவைத்த 'குட்நைட் மூன்', அந்த நூலகத்துக்குள் நுழைந்தது 1972இல்தான். சிறுவர் பிரிவை நெடுங்காலம் நடத்திய ஆன் கரோல் மூருக்கு அந்த நூல் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற பின்னும் அவருடைய சொல்லுக்கு அங்கே மதிப்பிருந்தது. கால் நூற்றாண்டுக் காலம் வாங்காத நூலுக்கு இரவல் கணக்கு இருக்க வழியில்லை. அந்த வெற்றிடத்தைக் குழந்தைகளின் ரசனை என்று படித்தால், ஒரு நூலகரின் தீர்ப்பை நகரத்தின் தலையில் ஏற்றியவர்கள் ஆவோம்.

முடங்கிய அட்டைகள்

தாமதக் கட்டணத்தின் கதை இதைவிடக் கூர்மையானது. 2021 வரை நியூயார்க்கில் கட்டணப் பாக்கி 15 டாலரை எட்டினால் அட்டை முடங்கியது. நூலுக்கு நாளொன்றுக்கு 25 சென்ட் என்ற கணக்கில், பத்து நூல்கள் ஆறு நாள் தாமதமானால் அந்த எல்லை வந்துவிடும். வசதியுள்ள குடும்பம் அதைக் கட்டிவிட்டு மறந்துபோகும். வாடகைக்கே திண்டாடும் குடும்பம் நூலகத்துக்குப் போவதையே நிறுத்திக்கொள்ளும். 2021 அக்டோபரில் மூன்று அமைப்புகளும் இந்தக் கட்டணத்தை ஒழித்தபோது, ஏறத்தாழ 4 லட்சம் அட்டைகள் முடங்கிக் கிடந்தது வெளியே தெரிந்தது. அவற்றில் பாதிக்கும் மேல் வறுமை மிகுந்த பகுதிகளைச் சேர்ந்தவை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கட்டணத்தைக் கைவிட்ட சிகாகோவிலும் இதே நிலைதான். நகரின் வடக்குப் பகுதியில் ஆறில் ஓர் உறுப்பினருக்கு இரவல் மறுக்கப்பட்டிருந்தது. தெற்கில் மூன்றில் ஒருவருக்கு. இரவல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் அதிகாரி, ஏழைப் பகுதிகளில் படிக்கும் பழக்கம் குறைவு என்று குறிப்பெழுதியிருப்பார். முடங்கிய அட்டைகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், அங்கே வாசகர்கள் இருந்ததும் அவர்களை நூலகமே தடுத்து வைத்திருந்ததும் புலப்பட்டன. அபராதம் இல்லையென்றால் நூல்கள் திரும்பி வராது என்ற அச்சமும் பொய்த்தது. சிகாகோவில் கட்டணம் நீங்கிய முதல் சில வாரங்களிலேயே திரும்பி வந்த நூல்களின் எண்ணிக்கை பெருமளவு கூடியது.

நிதியும் நேரமும்

2023 நவம்பரில் மாநகர நிதிக் குறைப்பால் நியூயார்க்கின் நூலகங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சேவையை நிறுத்தின. அடுத்த ஆண்டு நிதி மீண்டதும் அந்தச் சேவையும் திரும்பியது. இடைப்பட்ட மாதங்களில் ஞாயிறு வருகை இல்லாமல் போனதற்குக் காரணம் வரவுசெலவுத் திட்டம்தான். வாரம் முழுவதும் வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்துவர வாய்க்கும் நாள் அது. அதிகப் பயன்பாடே ஒரு சேவையை முடித்துவைப்பதும் உண்டு. பார்க்கப்படும் படம் ஒவ்வொன்றுக்கும் நூலகம் பணம் கட்ட வேண்டிய கனோப்பி என்ற திரைப்படச் சேவையை, செலவு தாங்காமல் மூன்று அமைப்புகளும் 2019 ஜூலையில் கைவிட்டன. கூட்டம் கூடக்கூடச் செலவு ஏறும் ஒப்பந்தம் அது. அதையடுத்த கணக்கில் அந்தச் சேவை இல்லாமல் போனது ஆர்வம் வற்றியதன் அடையாளம் ஆகாது.

எதிர்வாதங்கள்

மக்கள் கேட்பதைக் கொடுப்பதே வரிப்பணத்துக்கு நியாயம், ஆகவே இரவல் எண்ணிக்கையையே கொள்முதலுக்கும் கிளைகளுக்கும் அளவுகோலாக வைக்க வேண்டும் என்பது ஒரு வாதம். நூலகரின் தனிப்பட்ட ரசனைக்குக் கடிவாளம் என்ற அளவில் இதில் வலு உண்டு. 'குட்நைட் மூன்' அதற்கே சாட்சி. ஆனால் நேற்றைய இரவலைப் பார்த்து இன்றைய நிதியைப் பிரித்தால், அட்டை முடங்கிய கிளைக்குப் பணம் குறையும், பணம் குறைந்த கிளையில் வருகை தேயும், தேய்ந்த வருகை அடுத்த வெட்டுக்குக் காரணமாகக் காட்டப்படும். நகரம் தானே உண்டாக்கிய குறை, மக்களின் குறையாகக் கணக்கில் ஏறிவிடும். இந்தத் தரவுகளே நம்பத்தகாதவை, ஒதுக்கிவிடலாம் என்பது மற்றொரு வாதம். நூலகத்திலேயே உட்கார்ந்து படிப்பவர்களும், வெயிலுக்கும் குளிருக்கும் ஒதுங்குபவர்களும் இரவல் கணக்கில் சேர்வதில்லை என்பது சரி. வாசகரின் அந்தரங்கத்தைக் காக்கும் நியூயார்க் மாநிலச் சட்டத்தால், யார் எதைப் படித்தார் என்பதும் வெளியே வராது, வரவும் கூடாது. இருந்தும் தாமதக் கட்டணத்தின் அநீதியை வெளிக்கொணர்ந்தவை எண்களே. யாருடைய பெயரும் இல்லாமல், பகுதிவாரியாக முடங்கிய அட்டைகளை எண்ணியதே அதற்குப் போதுமாக இருந்தது. எண்ணுவதை நிறுத்துவது தீர்வாகாது; எவற்றை எண்ணுகிறோம் என்பதை விரிவாக்க வேண்டும்.

கோட்பாட்டு அடிப்படை

கணக்கில் வராத வாசகரையும் தேடும் இந்தப் பார்வைக்கு அடித்தளம் சென்னையில் இடப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. முதல் விதி எத்தனை நூல்கள் பயன்பட்டன என்று கேட்கிறது. இரண்டாவது, நூல் கிடைக்காத வாசகர் யார் என்று கேட்கிறது. ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் முதல் கேள்விக்கு விடை சொல்லி அமைகின்றன. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு நூலக வரியை இணைத்து, நூலகத்துக்கென்று தனி வருவாய் வழியை அமைத்தது. ஆண்டுதோறும் நிதிக்காக மன்றாடும் நியூயார்க் முறையைவிட அது உறுதியான ஏற்பாடு. வசூலான வரி முழுமையாக நூலகங்களுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதும் பயன்பாட்டுக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டியது. ஒரு நகரம் தன் நூலகத்தைப் பற்றி நேர்மையாகக் கணக்குக் காட்ட வேண்டுமானால், இரவல் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே கிளைவாரியாகத் திறந்திருந்த மணிநேரம், முடங்கிய அட்டைகள், கேட்டும் கிடைக்காத நூல்கள், ஒதுக்கிய நிதி ஆகியவற்றையும் வெளியிட வேண்டும். அப்போது குறைந்த எண்ணைக் காட்டி ஒரு கிளையை மூடுவது எளிதாக இராது. அந்த எண் குறைந்ததில் தன் பங்கு என்ன என்று நகரம் முதலில் விடை சொல்ல வேண்டியிருக்கும்.