மண்டபம் கரைக்கு வந்த விஞ்ஞானம்

கடலை நம்பி வாழ்ந்த சமுதாயம் நம்முடையது. மரக்கலம் ஓட்டியும், முத்தும் சங்கும் குளித்தும், மீன் பிடித்தும், கருவாடு விற்றும் நம் முன்னோர் வாழ்ந்தனர். இன்று அக்கடலில் நம்மவர் கைதாவதையும் படகுகள் பறிபோவதையும் நாளேடுகளில் படித்து வேதனைப்படுகிறோம். இந்நிலை ஒரே நாளில் உருவானதன்று. அதன் வேரைத் தேடினால், வளர்ச்சியின் பெயரால் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொழில்நுட்பத்தின் வரலாறு நம் கண்முன் விரிகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், முன்னேறிய நாடுகளின் விஞ்ஞானத்தைக் கொண்டு ஏழை நாடுகளை உயர்த்தலாம் என்னும் எண்ணம் உலகெங்கும் பரவியது. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்தன. இந்திய-நார்வேத் திட்டம் என்று பெயர் பெற்ற அது, கேரளத்தில் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரை முதலிய ஊர்களில் தொடங்கியது. மீனவரின் உணவும், உடல்நலமும், வருமானமும் உயர வேண்டும் என்பதே அதன் நோக்கம். படகுகளுக்கு இயந்திரம் பொருத்துவதோடு சுகாதார நிலையமும் குடிநீர் வசதியும் அத்திட்டத்தில் இடம் பெற்றிருந்தன. 1963-இல் அது விரிவடைந்தபோது, அதன் ஒரு கிளை நம் மண்டபத்திற்கும் வந்தது.

மண்டபம் அதற்கு முன்பே விஞ்ஞானத்தை அறிந்த ஊர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களைத் தங்கவைத்து நோய்ச் சோதனை நடத்திய மண்டபம் முகாமில், 1949 முதல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இயங்கியது. 1947-இல் தொடங்கப்பட்ட அந்நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறிய பின்னும், மண்டபத்தில் அதன் மண்டல மையம் தொடர்கிறது.

இயந்திரப் படகும் நைலான் வலையும் பனிக்கட்டியும் வந்தபோது மக்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. காற்றுக்காகக் காத்திருந்து பாய் விரித்தவர்களுக்கும், பருத்தி வலையை ஓயாமல் சாயமேற்றி உலர்த்தியவர்களுக்கும் அவை பெரும் விடுதலையாக இருந்தன. ஆயினும் அந்நாட்களில்தான் இறாலுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெருவிலை கிடைக்கலாயிற்று. உள்ளூர் மக்களின் உணவுக்கென வந்த தொழில்நுட்பம் ஏற்றுமதிக்கென மாறியது. கடலின் அடித்தரையை வாரிச் செல்லும் இழுவை மடி வேகமாகப் பரவியது. அதை வாங்க வசதியுள்ளவர் முதலாளியானார். இல்லாதவர் நாட்டுப்படகிலேயே நின்றார். கேரளத்தில் இதனால் எழுந்த போராட்டங்களின் விளைவாக, 1988 முதல் மழைக்காலத்தில் இழுவைமடித் தடை நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் 1983-இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. நம் பகுதியில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்னும் முறை ஏற்பட்டதற்கும் இந்தப் பிணக்கே காரணம்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அதன் அடியில் உள்ள கடற்புல் வெளிகளே மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில். இழுவை மடி அப்புல்லையும் குஞ்சுகளையும் சேர்த்தே வாரிவிடுகிறது. அருகில் மீன் குறையக் குறைய, படகு தூரம் செல்கிறது. 1974-இல் பாக் விரிகுடாவிலும் 1976-இல் மன்னார் வளைகுடாவிலும் இரு நாட்டு எல்லைக்கோடு வரையறுக்கப்பட்டது. இலங்கையில் போர் நடந்த 1983 முதல் 2009 வரை வடபகுதி மீனவர் கடலில் தாராளமாக இறங்க இயலவில்லை; நம் படகுகள் அங்கே சென்றன. போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது, அறுபட்ட வலைகளே அவர்களுக்கு மிஞ்சின. அவர்களும் தமிழ் பேசும் ஏழைகள்; மன்னார்க் கரையில் நம் மார்க்கத்தவரும் உளர். 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டில் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை நம் அரசுகள் தொடங்கின. ஆனால் ஒரு படகின் விலை 80 இலட்சம் ரூபாய் என மதிப்பிடப்பட்ட அத்திட்டம், மானியம் இருந்தும் எதிர்பார்த்த வேகத்தில் நடைபெறவில்லை.

அப்படியாயின் விஞ்ஞானம் தீங்கானதா? அவ்வாறு கூறுவது நன்றி மறத்தலாகும். கடற்புல்லின் அருமையை நமக்கு உணர்த்தியதும் விஞ்ஞானமே. 2010-இல் மண்டபம் ஆய்வு மையத்தில் கடல் விரால் மீனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து குஞ்சு பொரிக்கச் செய்தனர். கடலில் கூண்டு அமைத்து மீன் வளர்க்கும் தொழிலுக்கு அது வழி திறந்தது. கருவியைத் தருவோர் அதன் அளவையும் கற்றுத் தர வேண்டும். பெறுவோர் அதன் முடிவையும் ஆராய வேண்டும். மண்டபத்திற்குக் கருவி விரைந்து வந்தது. அளவு பிந்தி வந்தது. இதுவே இவ்வரலாறு தரும் படிப்பினை. கடல் நம் கையில் உள்ள அமானிதம். நாம் எடுத்துக்கொண்டது போக, நம் பிள்ளைகளுக்கும் எதிர்க்கரைப் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மருத்துவம், பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஜமாஅத்துகள் உதவித்தொகை வழங்குவது பாராட்டுக்குரியது. அருகிலுள்ள தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. கடலோர ஊரின் பிள்ளைகள் அதன் வாசலையும் மிதிக்க வேண்டும். அறுபதாண்டுகளுக்கு முன் கடலறிவை வெளியூரார் நமக்குக் கொண்டு வந்தனர். இனி அதை நம் பிள்ளைகளே கற்று, படகு வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளை நமக்குச் சொல்லட்டும்.