அமெரிக்கக் கார்களும் ஒரு தீராத வழக்கும்

கம்பன் பெரியவனா, இளங்கோ பெரியவனா என்னும் வாதம் நம் சங்க மேடைகளில் முடிவு காணாத ஒன்று. முடிவு காண வேண்டும் என்று எவரும் விரும்புவதாகவும் தெரியவில்லை. அத்தகைய தீராத வழக்கு ஒன்று மோட்டார் வண்டிகளில் ஈடுபாடு உடையாரிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. அமெரிக்க நாட்டில் உருவான பழங்கார்களுள் தலைசிறந்தது எது என்பதே அவ்வழக்கு. பெங்களூரில் பழங்கார்கள் அணிவகுத்து நிற்கும் நாட்களில், அவற்றைச் சுற்றி நிற்போரிடையே இவ்வாதம் எழாமல் இருப்பதில்லை. பொழுதுபோக்குப் பேச்சுத்தானே என்று ஒதுக்கிவிடலாம். ஆயினும் இவ்வழக்கின் கிளை ஒன்று இந்நகரத்தின் வரலாற்றோடும், நம்மிற் பலருடைய குடும்பங்கள் இங்கு வந்து குடியேறிய காரணத்தோடும் பின்னிக் கிடக்கிறது. அதனாலேயே அதனை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

'கிளாசிக்' என்ற சொல்லுக்கு வரையறை கூறுவதிலேயே பிணக்குத் தொடங்கிவிடுகிறது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளாசிக் கார்க் கழகம் ஒன்று தோன்றியது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தை ஒட்டி, உயர்ந்த விலையும் நுண்ணிய வேலைப்பாடும் கொண்டு பிறந்த வண்டிகளையே அக்கழகம் தன் பட்டியலில் ஏற்றுக்கொண்டது. ஊரார் எல்லாம் வாங்கிய எளிய வண்டிகளுக்கு அங்கே இடம் இல்லை. காப்பியத் தலைவன் அரசகுலத்தவனாகவே இருத்தல் வேண்டும் என்பது போன்ற இலக்கணம் இது. இளங்கோவடிகள் வணிகன் மகனைத் தலைவனாக்கிக் காட்டிய மொழியில் பிறந்த நமக்கு இவ்விலக்கணம் அவ்வளவாக உடன்பாடு அன்று.

அவ்விலக்கணப்படி முதலிடம் கோருவது டூசன்பர்க். 1928-இல் வெளிவந்த அதன் 'ஜே' மாதிரிக்கு எட்டு சிலிண்டர்களும் 265 குதிரைத்திறனும் உண்டு என்றனர். அதே காலத்துப் போர்டு 'ஏ' மாதிரியின் ஆற்றல் 40 குதிரைத்திறனே என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் பெருமை விளங்கும். காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி பொருத்திய 'எஸ்.ஜே.' வண்டிக்கு 320 குதிரைத்திறன் கூறப்பட்டது. ஜே மாதிரியில் மொத்தம் செய்தவை ஐந்நூற்றுக்கும் குறைவு. நிறுவனம் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் மட்டுமே விற்கும்; வாங்குவோர் தமக்கு வேண்டிய கூட்டை வேறொரு கைவினைஞரிடம் கட்டிக்கொள்வர். இந்தூர் மன்னர் யசுவந்தராவ் ஹோல்கர் இவ்வாறு ஒரு எஸ்.ஜே. வண்டிக்கு லண்டன் மாநகரின் கர்னி நட்டிங் நிறுவனத்தாரைக் கொண்டு கூடு அமைத்தார். இன்று உலக ஆர்வலர் வியந்து பேசும் கார்களுள் அதுவும் ஒன்று. அது பின்னர் அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றுவிட்டது.

பாக்கார்டு கட்சியினரும் காடிலாக் கட்சியினரும் இதற்கு இணங்க மாட்டார்கள். பதினாறு சிலிண்டர்க் காடிலாக் 1930 ஜனவரியில், நியூயார்க் பங்குச் சந்தை சரிந்த மூன்றே திங்களில், வெளிவந்தது. நாடு வறுமையில் ஆழ்ந்துகொண்டிருந்தபோது பிறந்த செல்வக் குழந்தை அது. முகப்பு விளக்குகளை மடிப்புக்குள் மறைத்துக்கொண்ட 1936ஆம் ஆண்டுக் கார்டு வண்டியின் அழகை விரும்புவோரும் உளர். போருக்குப் பின் பிறந்தவர்களோ வேறு பாட்டுப் பாடுகின்றனர். 1948-இல் காடிலாக்கின் பின்புறத்தில் சிறு துடுப்புப் போல முளைத்தது 1959-இல் சுறாமீன் செதிலாக வளர்ந்து நின்றது. அதனை அழகு என்று ஒப்ப நம் மனம் இசையவில்லை. சுவை வேறுபாடு என்று அன்பர்கள் பொறுத்துக்கொள்வார்களாக. 1964 ஏப்ரலில் வந்த மஸ்டாங் இரண்டே ஆண்டுகளில் பத்து லட்சம் விற்றது என்பதும் அக்கட்சியினரின் வாதம்.

இவர்கள் அனைவரையும் எதிர்த்து ஒரு கட்சி உண்டு. அது போர்டு 'டி' மாதிரியின் கட்சி. 1908 முதல் 1927 வரை ஒரே மாதிரியாக ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டன. 20 குதிரைத்திறன், நான்கு சிலிண்டர், எடையோ ஏறக்குறைய அரை டன். வனேடியம் கலந்த உறுதியான எஃகினால் உறுப்புகளைச் செய்தமையால் இலேசாகவும் அதே சமயம் வலிவாகவும் இருந்தது. தரையினின்று உயர்ந்து நின்றமையால் வண்டித்தடம் பதிந்த மண்சாலையிலும் சிக்காமல் சென்றது. அதனை ஓட்டும் முறை இக்காலத்தார்க்கு வியப்பளிக்கும். காலடியில் மூன்று மிதிகள். இடப்பக்கத்து மிதி வேகத்தை மாற்றும், நடு மிதி பின்னோக்கிச் செலுத்தும், வலப்பக்கத்தது நிறுத்தும். பெட்ரோலைக் கூட்டுவதும் குறைப்பதும் சுக்கானின் கீழுள்ள சிறு கைப்பிடியால். பெட்ரோல் தொட்டி இருக்கையின் அடியில் இருந்தது; அங்கிருந்து தன் எடையாலேயே எண்ணெய் எஞ்சினுக்கு இறங்க வேண்டும். எண்ணெய் குறைந்த நிலையில் செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் மேலாகவும் தொட்டி கீழாகவும் ஆகிவிடும், வண்டி நின்றுவிடும். ஆகவே அனுபவம் உள்ளவர்கள் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மலையேற்றினார்கள்!

'டி' வண்டியின் உண்மைப் பெருமை, அது செய்யப்பட்ட முறையில் இருக்கிறது. 1913-இல் ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் தொடர்வரிசை முறையைப் போர்டு நிறுவினார். வேலையை நாடி ஆள் செல்வதற்கு மாறாக ஆளை நாடி வேலை வந்தது. அடிச்சட்டம் ஒன்றைப் பூட்டுவதற்கு ஆன பன்னிரண்டரை மணி நேரம் ஒன்றரை மணியளவாகக் குறைந்தது. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை 1925-இல் 260 டாலராக இறங்கிற்று. ஒரே வேலையை நாள் முழுதும் செய்யச் சலித்துத் தொழிலாளர் ஓடிப்போனமையால் 1914-இல் நாட்கூலியை ஐந்து டாலராக உயர்த்த வேண்டி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொழிற்சாலை வாழ்வை அறிந்த நம் குடியிருப்பினர்க்கு அச்சலிப்பை விளக்க வேண்டுவதில்லை.

இவ்வண்டிகள் நம் நாட்டுக்கு வந்த வழியும் சுவையானது. போர்டு நிறுவனத்தின் கனடாக் கிளைக்கே பிரிட்டன் நீங்கலான சாம்ராஜ்ய நாடுகளில் விற்கும் உரிமை இருந்தது. எனவே, 'அமெரிக்கக் கார்' என்று நம் பாட்டனார் போற்றிய பல வண்டிகள் உண்மையில் கனடாவிலிருந்து வந்தவை. 1926-இல் போர்டு இந்தியாவில் தன் நிறுவனத்தைத் தொடங்கியது. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய்ச் சிவ்ரியில் உதிரிப்பாகங்களைக் கொணர்ந்து கார்களாகப் பூட்டத் தொடங்கியது. ஆங்கிலேய ஆட்சியிலேயே ஆங்கிலக் கார்களை அமெரிக்கக் கார்கள் சந்தையில் முந்தின. காரணம் எளிது. இங்கிலாந்தில் எஞ்சினின் சிலிண்டர் அகலத்தைக் கணக்கிட்டு வரி விதித்தனர். அதனால் அங்கே சிறு எஞ்சின்களே பெருகின. அமெரிக்க எஞ்சின் பெரிது, வில் மெத்தென்றது, அடி உயர்ந்தது. நம் ஊர்ச் சாலைக்கு ஏற்றது எது என்பதை வாங்குவோர் கண்டுகொண்டனர்.

தமிழ்நாட்டில் 1912-இலேயே தஞ்சை, புதுக்கோட்டை வழியில் பேருந்து நடத்தத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் விற்பனையாளரானார். செவர்லே அடிச்சட்டத்தின்மேல் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் கட்டிய மரக்கூடே பல ஊர்களுக்கு முதற் பேருந்தாயிற்று. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தபோது அதே வண்டிகள் பின்புறத்தில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவால் ஓடின. ஊரில் பெரியவர்கள் காரை இன்றும் 'பிளசர்' என்று கூறக் கேட்கிறோம். இன்பத்திற்கென்று ஏறும் வண்டி என்பது அதன் பொருள். பேருந்திலிருந்தும் லாரியிலிருந்தும் அதனைப் பிரித்துக் காட்ட வந்த சொல் அது.

இனிப் பெங்களூருக்கு வருவோம். மைசூர்த் திவானாக விளங்கிய சர் மோ. விசுவேசுவரய்யா, இந்தியாவிலேயே மோட்டார்க் கார் செய்ய வேண்டும் என்று 1930-களில் ஓயாது பாடுபட்டார். 1935-இல் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று தொழிற்சாலைகளை நேரிற் கண்டு திட்டம் வகுத்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. அத்திட்டத்தை ஏற்றுக்கொண்ட தொழிலதிபர் வால்சந்து ஹீராசந்து 1939-இல் அமெரிக்கா சென்று கிரைஸ்லர் நிறுவனத்துடன் பேசினார். மைசூர் அரசின் ஆதரவோடு பெங்களூரிலேயே அத்தொழிற்சாலையை அமைக்க முயற்சி நடந்தது. ஆங்கிலேய அரசு அதற்குத் துணை நிற்கவில்லை. போர்க்காலத்தில் கார்த் தொழிற்சாலை வேண்டாத ஒன்று என்பது அவர்கள் கட்சி.

அந்த 1939ஆம் ஆண்டுப் பயணத்தில், பசிபிக் கடலைக் கடந்து திரும்பும் விமானத்தில், வில்லியம் பாலி என்னும் அமெரிக்கரை வால்சந்து சந்தித்தார். சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தியவர் அவர். கார் பற்றிப் பேசப் போனவர் விமானம் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார் என்றே கூறலாம். விமானம் போருக்கு வேண்டியது. ஆகவே அரசு இசைந்தது. 1940 டிசம்பரில் மைசூர் அரசைப் பங்காளியாகக் கொண்டு ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனம் பெங்களூரில் பதிவாயிற்று. திவான் சர் மிர்சா இஸ்மாயில் இதற்குப் பெருந்துணை புரிந்தார். 1941-இல் ஹார்லோ என்னும் பயிற்சி விமானம் இங்கிருந்து பறந்தது. 1942-இல் இந்திய அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 1943-இல் அமெரிக்க விமானப்படை இதனைத் தன் பழுது பார்க்கும் நிலையமாக்கிக்கொண்டது.

அதன் கடைசல் பொறிகளிலும் தகட்டுப் பட்டறைகளிலும் வேலை தேடித் தமிழர் பலர் வந்தனர். பின்னர் 1948-இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-இல் இயந்திரக் கருவித் தொழிற்சாலையும், 1954-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் எழுந்தபோது அவர்களைத் தொடர்ந்து உறவினரும் ஊராரும் வந்தனர். வராமற் போன ஓர் அமெரிக்கக் காரின் இடத்தில் வந்த தொழிற்சாலையே இவ்வரிசையில் மூத்தது. இன்று நம்மிற் பலர் பெங்களூர்த் தமிழராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கிரைஸ்லர் கார் பம்பாய்க்குப் போயிற்று. 1944-இல் வால்சந்து தொடங்கிய பிரீமியர் நிறுவனம் 1947-இல் குர்லாவில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ வண்டிகளைப் பூட்டி வெளியிட்டது. கல்கத்தாவின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்டூடிபேக்கரைப் பூட்டியது. 1953-இல் வரிவிதிப்புக் குழுவின் பரிந்துரையை அரசு ஏற்றது. உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்யத் திட்டம் இல்லாதோர் தொழிலை மூட நேர்ந்தது. 1954 அளவில் போர்டும் ஜெனரல் மோட்டார்சும் வெளியேறின. அதன்பின் பெரிய அமெரிக்கக் கார் என்பது தூதரகத்தார் விட்டுச் சென்றதை அரசு வாணிகக் கழகம் ஏலத்தில் விற்கும் அரும்பொருளாயிற்று. (இரு நிறுவனங்களும் 1990-களில் மீண்டும் வந்து, அண்மையில் மீண்டும் கார் செய்வதை நிறுத்திக்கொண்டது வேறு கதை.)

உள்ளே இருந்த கார்கள் என்ன ஆயின? இங்கேதான் நம் வழக்கு கடுமையாகிறது. ஆறு சிலிண்டர் டாட்ஜ் பெட்ரோலைக் குடம் குடமாகக் குடிக்கும். பணக்காரர் அதனைக் கைவிட்டனர். வாடகைக்கார் ஓட்டுநர் வாங்கினர். சென்னைச் சிம்ப்சன் நிறுவனம் 1950-களில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினைச் செய்யத் தொடங்கவே, மெக்கானிக்குகள் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினைப் பூட்டினர். அதன் தாங்கிகளை மாற்ற வேண்டும். கிளட்சின் மூடியைப் பொருந்தச் செய்ய வேண்டும். கூடுதல் எடைக்கு முன்வில்லை வலுப்படுத்த வேண்டும். வரைபடம் எவரும் தந்ததில்லை. பட்டறையில் கடைசல் பிடித்து, கண்ணளவாலும் கையளவாலும் செய்து முடித்தனர். இங்கே ஜெயசாமராஜேந்திர சாலையின் உதிரிப்பாகக் கடைகளும் சிவாஜி நகரின் பழைய சாமான் கடைகளும் அத்தகைய கைத்திறனுக்கு அடைக்கலமாய் நின்றன.

மூல எஞ்சின் இல்லாத வண்டியை ஆர்வலர் பலர் பழுதுற்றது என்று தள்ளுகின்றனர். 2021-இல் மைய அரசு பழங்கார்ப் பதிவுக்கு வகுத்த விதியும் அவர்கள் பக்கமே நிற்கிறது. ஐம்பது ஆண்டு கடந்து, அடிச்சட்டமும் கூடும் எஞ்சினும் பெரும் மாற்றமின்றி மூல உருவில் உள்ள வண்டிக்கே 'வி.ஏ.' என்னும் தனி எழுத்துடைய எண் உண்டு. அவ்வண்டியை வாடகைக்கு ஓட்டவும் கூடாது. மூல உருவைக் காப்பது நற்பணியே; அதனை நாம் மறுக்கவில்லை. ஏட்டுச் சுவடியில் இடைச்செருகலைக் களைந்து மூலபாடம் காணும் புலவர் பணியை ஒத்தது அது. ஆனால், உரையாசிரியர் எழுதிச் சேர்த்ததை எல்லாம் இடைச்செருகல் என்று எரித்துவிட்டால் சங்க நூல்களின் பொருள் நமக்கு எட்டியிருக்குமா? டீசல் எஞ்சின் பூட்டிய டாட்ஜ் நம் மெக்கானிக்குகள் எழுதிய உரை.

மாற்றிக் காட்டிய வகையில் போர்டு 'டி', வேலைப்பாட்டு வகையில் டூசன்பர்க் என்று நடுவர் தீர்ப்பளித்தால் நமக்குத் தடை இல்லை. ஆனால் டெட்ராயிட்டில் கருவாகி, குர்லாவில் பூட்டப்பெற்று, சென்னையில் செய்த எஞ்சினோடு, திருமணத்திற்கும் மருத்துவமனைக்கும் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு இருபது முப்பது ஆண்டுகள் ஓடிய டாட்ஜுக்குப் பதிவு அலுவலகத்தில் 'வி.ஏ.' எண் கிடைக்காது. பட்டிமன்றத்திலாவது அதற்கு ஓர் இருக்கை போட வேண்டும் என்பதே நம் வாதம்.