சுருளில் பிறந்த இசை



பெரும் பொருளும் பெரிய ஆய்வுக்கூடமும் இருந்தால்தான் புதியன படைக்க இயலும் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை ஆராய, மின்சாரக் கிதாரின் வரலாற்றிலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அக்கருவியின் உயிர்நிலை, தந்திகளின் அடியில் உள்ள 'பிக்கப்' என்னும் சிறு உறுப்பு. காந்தமும், அதனைச் சூழ்ந்த செப்புக் கம்பிச் சுருளுமே அதன் முக்கியப் பகுதிகள். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றத்தால் சுருளில் மின்னழுத்தம் எழுகிறது. 1831-ல் மைக்கேல் பாரடே கண்ட தத்துவம் இதுவே. ஒரு சுற்றில் எழும் அழுத்தம் மிகச் சிறிது. ஆதலால் மயிரிழை போன்ற கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றவேண்டும். இடையில் அறுந்துபோனால் பட்ட பாடெல்லாம் வீண். இங்கே பொருளைவிடப் பொறுமையே மிகுதியாக வேண்டும்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் பீச்சம் என்ற ஹவாய்க் கிதார்க் கலைஞர் வாழ்ந்தார். வாத்தியக் கோஷ்டியின் முழக்கத்தில் கிதாரின் மெல்லிய குரல் அமிழ்ந்துவிடுவது அவருக்குப் பெருங்குறையாக இருந்தது. கிராமபோனின் பிக்கப்பைக் கழற்றி, ஒரு மரக்கட்டையிற் பொருத்தி, ஒற்றைத் தந்தியைக் கட்டிச் சோதித்தார். இரவு வகுப்புகளில் மின்னியல் பயின்றார். முதற் சுருளைச் சுற்றுவதற்குச் சலவை இயந்திரத்தின் மோட்டாரே உதவிற்று என்பர். 1931-ல் உருவான அக்கருவி, தோற்றத்தால் 'வாணலி' என்றே பெயர் பெற்றது. அதற்கு 1937-ல் காப்புரிமையும் கிடைத்தது.

முப்பது ஆண்டுகள் சென்றன. கடைகளில் மின்சாரக் கிதார்கள் நிறைந்தன. ஆனால் விலையோ அதிகம். இங்கிலாந்தில் பிரையன் மே என்னும் 16 வயது மாணவருக்கு அவற்றை வாங்க வசதியில்லை. மின்னணுத் துறையில் பணியாற்றிய தம் தந்தை ஹரால்டுடன் சேர்ந்து, 1963-ல் தாமே ஒன்றைச் செய்யத் தொடங்கினார். பழைய கணப்பின் மரச்சட்டம் கிதாரின் கழுத்தாயிற்று. பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங்குகள் தந்திகளின் இழுவிசையைச் சமன்செய்தன. முத்துச்சிப்பிப் பொத்தான்கள் ஸ்வரத்தானங்களைக் காட்டின. பிக்கப்களையும் அவர் தம் கையாலேயே சுற்றினார்.

ஆயினும் அவை அவருக்கு நிறைவளிக்கவில்லை. அடுத்தடுத்த காந்தங்களின் துருவங்கள் வடக்கும் தெற்குமாக மாறிமாறி அமைந்திருந்தன. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தபோது ஒலி கெட்டது. முடிவில் பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்கள் மூன்றை வாங்கினார். அவற்றையும் அப்படியே விட்டுவிடவில்லை. சுருளின் கம்பிகள் தாமாக அதிர்ந்து வேண்டாத ஒலி எழுப்பாதபடி, பசையூற்றி இறுகச் செய்தார்.

அப்படியானால் அவர் சுற்றிய சுருள்கள் வீணோ? நான் அவ்வாறு கருதவில்லை. தாமே சுற்றிப் பழகியவராதலால் அன்றோ, விலைக்கு வாங்கியதன் உள்ளும் கைவைக்கத் துணிந்தார்! அக்கிதார் 'குயீன்' இசைக்குழுவுடன் உலகை வலம் வந்தது. 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையின்மீதும் ஒலித்தது. 2007-ல் அவர் வானியற்பியலில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலும் காந்தமும் கம்பியும் கால்வனாமீட்டரும் இருக்கும். ஒரு சுருளைச் சுற்றிப் பாருங்கள். முள் அசையாவிட்டால் மனம் தளரவேண்டாம். ஏன் அசையவில்லை என்று கேளுங்கள். பீச்சமும் மேயும் கற்றது அக்கேள்வியிலிருந்துதான்.